தாழ்த்திய காரின் அடிவயிறு: தகடு கடைசியில்தான்

கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான்: ஸ்பிரிங்குகளை மாற்றிக் காரை 40 மி.மீ. இறக்கியாகிவிட்டது. தனியாக ஓட்டும்போது தொல்லையில்லை. பின்னிருக்கையில் இரண்டு பேர் ஏறிவிட்டால் வேகத்தடைதோறும் அடியில் தேய்கிறது. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டியான சம்ப் உடைந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. 3 மி.மீ. இரும்புத் தகடு ஒன்றை அடியில் பூட்டிவிட்டால் தீர்ந்ததா?

தீராது. தகடே வேண்டாம் என்று சொல்லவில்லை. என் காரிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் தகடு பூட்டிய மறுநாளிலிருந்து உங்கள் கார் முன்பைவிட அதிகமாகத்தான் உரசும். கணக்குப் போட்டுப் பாருங்கள். தகட்டின் கனம் 3 மி.மீ. அடிபட்டு நெளியும்போது சம்பைத் தொடாமலிருக்க அதற்கு மேலே 10 முதல் 15 மி.மீ. இடம் விடவேண்டும். கீழே துருத்தும் போல்ட் தலைக்கு ஒரு 5 மி.மீ. ஆக ஏறத்தாழ 20 மி.மீ. போய்விட்டது. ஏற்கெனவே 40 இறக்கிய காரில் இன்னொரு 20 இறக்கியதற்குச் சமம் இது. சம்ப் பிழைக்கும், சரி. ஆனால் இதுவரை தப்பித்துப் போன கற்களையும் மேடுகளையும் வலியப் போய்த் தொடுவீர்கள்.

ஆகவே தகட்டை ஓரமாக வைத்துவிட்டு, கார் ஓடும்போது உண்மையில் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்பதை முதலில் பார்ப்போம். எல்லோரும் காரைச் சமதளத்தில் நிறுத்தி, டேப்பை வைத்து அளந்து, '120 மி.மீ. இருக்கிறது' என்கிறார்கள். அது நிற்கிற காரின் உயரம். நிற்கிற காரை எந்தக் கல்லும் இடிப்பதில்லை.

ஆள் ஏறினால் என்ன ஆகிறது? பின்பக்க ஸ்பிரிங் ஒவ்வொன்றும் சக்கரத்தில் 1 மி.மீ. அமுங்க 2 கிலோ எடை கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் அச்சின் மேல் 150 கிலோ கூடுதலாக ஏறினால், இரண்டு ஸ்பிரிங்கும் பங்கிட்டுக்கொண்டு 37 மி.மீ. வரை இறங்கும். கார் அசைவதற்கு முன்பே 120 என்பது பின்பக்கத்தில் 83 ஆகிவிட்டது. அதன்பின் பள்ளத்தில் இறங்கி எழும்போது, வளைவில் சாயும்போது, பிரேக் அடித்து மூக்கு குனியும்போது எல்லாம் மேலும் இறங்கும்.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஷாக் அப்சார்பரின் பளபளப்பான தண்டில் தூசி உறையை மேலே தள்ளிவிட்டு, ஒரு பிளாஸ்டிக் கேபிள் டையை இறுக்கமாகச் சுற்றி, ஷாக்கின் உடலோடு ஒட்டியிருக்கும்படி கீழே தள்ளி வையுங்கள். வழக்கமாகப் போகும் பாதையில், வழக்கமாக ஏறும் ஆட்களோடு ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். ஷாக் அமுங்கும்போது டையை மேலே தள்ளும். திரும்பி நீளும்போது டை அங்கேயே நின்றுவிடும். உடலுக்கும் டைக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அந்தப் பயணத்தில் ஷாக் அதிகபட்சமாக அமுங்கிய அளவு. முன்பக்கத்தில் ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் வகையாக இருந்தால், சக்கரம் ஏறிய அளவும் ஏறத்தாழ அதுவே. மற்ற அமைப்புகளில் கொஞ்சம் வித்தியாசப்படும். டை 60 மி.மீ. மேலே போயிருந்தால், உங்கள் முன்பக்கம் ஏதோ ஒரு கணத்தில் 60 மி.மீ. உயரத்தில்தான் ஓடியிருக்கிறது. முஷ்டி அளவுக் கல் போதும், சம்பைத் தொட்டுவிட.

அடுத்தது, எங்கே இடிக்கிறது என்று தெரிந்துகொள்வது. அடியில் தாழ்வாகத் தெரியும் இடங்களிலெல்லாம் வெள்ளைப் பெயின்ட்டை மெல்லிசாகத் தீற்றிவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் எங்கே வழித்துக்கொண்டு போயிருக்கிறது என்று தானே தெரியும். (காருக்கு அடியில் போகும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டாண்டு வைத்து, சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்து, ஒருமுறை காரை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் தலையைக் கொடுக்க வேண்டும். இறக்கிய காரின் கீழே ஜாக்கியே நுழையாது. முன்சக்கரத்தை இரண்டு பலகைகள் மேல் ஏற்றிக்கொண்டு பிறகு ஜாக்கியை நுழையுங்கள். அவசரத்தில் கதவுகளுக்கு அடியில் ஓடும் மடிப்பில் கண்ட இடத்தில் ஜாக்கி கொடுத்து நெளித்தவர்கள், கல் இடித்து நெளித்தவர்களைவிட அதிகம்.)

எல்லோரும் சம்புக்குப் பயப்படுகிறார்கள். ஆனால் நான் பார்த்தவரையில் பெயின்ட் முதலில் அழிவது பெரும்பாலும் புகைக்குழாயில்தான். அதிலும் இரண்டு குழாய்கள் சேரும் இடத்தில், இரண்டு போல்ட் போட்ட பிளாஞ்ச் என்ற இணைப்புத் தகட்டில். அந்த பிளாஞ்சுக்கு இரண்டு காதுகள் உண்டு. குழாயைப் பூட்டியவர் ஒரு காது மேலே, ஒரு காது கீழே என்று நிற்கும்படி பூட்டியிருந்தால், கீழ்க்காதும் அதன் நட்டும் குழாயைவிட 15, 20 மி.மீ. கீழே தொங்கும். வெட்டி, அதையே கால் சுற்றுத் திருப்பி, காதுகள் இடவலமாக இருக்கும்படி வெல்டிங் வைத்தால் அந்த உயரம் அப்படியே திரும்பக் கிடைக்கும். தகடு போட்டால் இழக்கும் அளவும் ஏறத்தாழ இதுதான் என்பதைக் கவனியுங்கள். தளர்ந்துபோன ரப்பர்த் தொங்கிகளை மாற்றினால் இன்னும் கொஞ்சம் மேலேறும். நடுக்குழாய் மட்டும் தாழ்வாக ஓடினால், அந்தத் துண்டுக்கு வட்டக் குழாய்க்குப் பதிலாக முட்டை வடிவக் குழாய் போடுவதும் உண்டு; புகை போகும் பரப்பு குறையாது, உயரம் மட்டும் குறையும். எஞ்சினை ஒட்டிய பின்னல் குழாய் தேய்ந்து பிரிந்திருந்தால் அதைத் தள்ளிப்போடாதீர்கள். அங்கே கசியும் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது.

வேகத்தடையைப் பற்றியும் ஒரு கணக்கு. நன்றாகக் கட்டிய வேகத்தடை தாழ்ந்த காருக்கு எதிரி அல்ல. 1970-களின் தொடக்கத்தில் பிரிட்டனின் சாலை ஆய்வுக்கூடத்தில் வகுத்த வாட்ஸ் வடிவம் என்று ஒன்று உண்டு: நீளம் 3.7 மீட்டர், உச்சியில் உயரம் 100 மி.மீ., வட்டத்தின் ஒரு வில் போன்ற வளைவு. 100 மி.மீ. மேடு, 120 மி.மீ. இடைவெளி, மயிரிழையில் தப்பிக்கலாம் என்று தோன்றும். அப்படியல்ல. முன் பின் சக்கரங்களுக்கு நடுவே 2.6 மீட்டர் உள்ள கார் அந்த உச்சியைத் தாண்டும்போது இரண்டு சக்கரங்களும் வளைவின் மேலேயே நிற்கின்றன. அவற்றுக்கு நடுவே மேடு துருத்துவது 50 மி.மீ. மட்டுமே. அதே 100 மி.மீ. உயரத்தை அரை மீட்டர் அகலத்தில் கரடுமுரடாகக் கொட்டி வைத்திருந்தால், சக்கரங்கள் இரண்டும் சமதரையில் நிற்க, மேடு முழு 100 மி.மீ.யும் வயிற்றை நோக்கி எழும். ஆகவே பயப்பட வேண்டியது அகலமான தடையைக் கண்டல்ல. குட்டையாக, கூராக நிற்பதைக் கண்டுதான்.

அந்த மாதிரித் தடையில் சாய்வாக ஏறுவது உதவும். ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மேட்டின் மேல் இருக்கும். பின்னால் வருபவர் ஹார்ன் அடிப்பார், அடிக்கட்டும். அதைவிட முக்கியம் பிரேக். தடை வரைக்கும் பிரேக்கை மிதித்தபடியே போய் ஏறுபவர்கள், மூக்கு குனிந்திருக்கும் நிலையில் காரை மேட்டின் மேல் கொண்டுபோய் வைக்கிறார்கள். முன்னதாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு, சக்கரம் தொடுவதற்குச் சற்று முன் காலை எடுத்துவிடுங்கள், மூக்கு நிமிர்ந்துவிடும். பள்ளத்துக்கும் இதுவேதான்.

இனி உங்கள் கார். 40 மி.மீ. இறக்கும்போது, சக்கரம் மேலே ஏற முன்பிருந்த இடத்திலும் அந்த 40 போய்விட்டது. 80 மி.மீ. ஏற்றம் இருந்த இடத்தில் இப்போது 40. அந்த 40-க்குள் அதே அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் ஸ்பிரிங் முன்பைவிடக் கடினமாக இருக்க வேண்டும். நல்ல தாழ்த்து ஸ்பிரிங்குகள் அப்படித்தான் செய்யப்படுகின்றன. பழைய ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை வெட்டி எடுத்துவிட்டு 'இறக்கியாச்சு' என்பவர்களும் இருக்கிறார்கள். வெட்டிய ஸ்பிரிங் கொஞ்சம் கடினப்படும் என்பது உண்மைதான், ஆனால் இழந்த ஏற்றத்துக்கு ஈடாகும் அளவுக்கு அல்ல. அதன் முனையும் இருக்கையில் சரியாக உட்காராது. சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் இடம் நழுவவும் கூடும். அப்படிச் செய்திருந்தால் அதை மாற்றுவதுதான் முதல் வேலை, மற்றதெல்லாம் பிறகு.

ஆட்கள் ஏறும்போது மட்டும் தேய்கிறது என்பதால் உங்கள் குறை பின்பக்க ஸ்பிரிங்கின் மென்மையில் இருக்க வாய்ப்பு அதிகம். அங்கே இன்னும் கடினமான ஸ்பிரிங், அல்லது ஸ்பிரிங்குக்குள் வைத்துக் காற்றடைக்கும் பை, இரண்டில் ஒன்று உதவும். அதோடு, ஷாக் தண்டில் உள்ள தடுப்பு ரப்பரைப் பாருங்கள். கார் அதற்குமேல் அமுங்கக்கூடாது என்று நிறுத்துவது அதுதான். தேய்ந்தோ வெட்டுப்பட்டோ குட்டையான ரப்பர், மிகத் தாமதமாகத்தான் வேலைக்கு வரும். அதற்குள் சம்ப் தரையைத் தொட்டுவிடலாம். 10 மி.மீ. வளையம் ஒன்றைச் சேர்த்து அந்த ரப்பர் சீக்கிரமே தொடும்படி செய்தால், கார் கொஞ்சம் குதிக்கும், ஆனால் அடி தரைக்கு வராது. சொகுசைக் கொடுத்துச் சம்பை வாங்கும் பேரம் இது. எனக்குச் சம்மதம்.

டயரையும் மறக்க வேண்டாம். காரின் உலோகம் எல்லாவற்றையும் தூக்கிப் பிடிப்பது கடைசியில் அதுதான். 195/55 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 595 மி.மீ.; 195/60 ஆர்15 என்றால் 615. வித்தியாசத்தில் பாதி, அதாவது 10 மி.மீ., காரின் அடிக்குக் கிடைக்கிறது. மட்கார்டில் உரசாமல் அதற்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வேகமானியும் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். காற்று குறைந்த டயரில் ஓட்டுவது இந்த 10-இலிருந்து நாமே கிள்ளி எறிவது.

இவ்வளவும் செய்த பிறகும் ஆபத்து மிச்சமிருந்தால் தகடு. இதில் கனத்தைவிட வடிவம் முக்கியம். 2013-இல் டெஸ்லா மாடல் எஸ் கார்கள் சாலையில் கிடந்த உலோகத் துண்டுகளின் மேல் ஏறி, அடியிலுள்ள பேட்டரி சேதமடைந்து தீப்பிடித்த செய்திகள் நினைவிருக்கலாம். அந்த நிறுவனம் முதலில் மென்பொருள் வழியாக, அதிவேகத்தில் கார் நிற்கும் உயரத்தையே கூட்டியது. பிறகு 2014 மார்ச்சில் மூன்றடுக்குக் காப்பை அறிவித்தது: முன்னால் உருண்டையான, உள்ளீடற்ற அலுமினியத் தண்டு, அடுத்து டைட்டானியத் தகடு, கடைசியாக மெல்லச் சரிந்த திட அலுமினியப் பட்டை. அந்தக் கடைசிப் பட்டையின் வேலை, அசையவே மறுக்கும் பொருள் எதிர்ப்பட்டால் காரையே அதன்மேல் வழுக்கி ஏறச் செய்வது. எவ்வளவு பணமிருந்தும் அவர்கள் ஒரே கனமான தகட்டைப் பூட்டிவிட்டு நிற்கவில்லை. முதலில் உயரம், பிறகு தள்ளிவிடுதல், பிறகு வழுக்கி ஏறுதல்.

நம் தகட்டுக்கும் இதே பாடம். முன்விளிம்பு மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். தட்டையாக வெட்டிப் பூட்டிய தகடு, மண்வெட்டி போல் மேட்டைக் கொத்தி நிற்கும். காரின் முழு வேகமும் நான்கு போல்ட்டில் இறங்கும். போல்ட்டுகள் தலை உள்ளே புதையும் வகையாக இருக்கட்டும். துருத்தும் தலை இரண்டு உரசலில் மழுங்கிவிட்டால் எண்ணெய் மாற்றும் நாளில் கழற்ற முடியாது. எண்ணெய் வடிக்கும் திருகுக்கும் பில்டருக்கும் நேராகத் துளை விடுங்கள். பூட்டுவது எஞ்சினுக்கு அடியிலுள்ள தாங்கு சட்டமான சப்பிரேமில், சம்பிலோ கியர்பாக்ஸ் உடலிலோ அல்ல. அப்படிப் பூட்டினால் அடியைத் தடுக்க வேண்டிய தகடே அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கும். மோதலின்போது மடங்கவோ கழன்று இறங்கவோ வடிவமைத்த முன்பகுதிச் சட்டங்கள் பல கார்களில் உண்டு. இரண்டு பக்கத்தையும் கனத்த இரும்பால் இறுகப் பிணைத்தால் அந்தக் கணக்கு கெடும். உங்கள் மாடலுக்கென்றே செய்த தகடு கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

உலோகத்தைப் பொறுத்தவரை, 2 முதல் 3 மி.மீ. எஃகு கல்லின் மேல் நன்றாக வழுக்கும், ஆனால் கனமானது, துருப்பிடிக்கும். அலுமினியம் 4 முதல் 6 மி.மீ. வேண்டும், எடை குறைவு, ஆனால் கூரான கல்லில் கடிபட்டு நிற்கும். இரும்புச் சட்டத்தைத் தொடும் இடத்தில் நைலான் வாஷர் வைக்காவிட்டால் ஈரத்தில் அரித்துப்போகும். மிக அடர்ந்த பாலிஎத்திலீன் பலகை வழுக்குவதில் இரண்டையும் வெல்லும், தேய்ந்தால் மாற்றிவிடலாம். அதன் எதிரி வெப்பம்: 130 டிகிரி செல்சியஸை ஒட்டி உருகிவிடும், அதற்கு வெகு முன்பே இளகும். புகைக்குழாய்க்கும், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கும் அருகே அது ஆகாது. எந்தத் தகடானாலும் அதன்மேல் காய்ந்த புல்லும் எண்ணெயும் சேர்ந்து கிடக்க விடாதீர்கள். அங்கே தீப்பிடிக்கத் தேவையான எல்லாமே இருக்கிறது. நிறுவனமே பூட்டி அனுப்பிய பிளாஸ்டிக் தட்டைக் கழற்றி எறிவதும் தவறு. அடியைக் காக்க அது உதவாது, ஆனால் ரேடியேட்டருக்குக் காற்று போகும் வழியை அதுதான் ஒழுங்குபடுத்துகிறது.

பம்பரின் கீழ் உதட்டுக்கு, தேய்வதற்கென்றே வைக்கும் நைலான் துண்டுகளைக் கீழே திருகிவிட்டால் போதும். அந்த உதடு முன்னே போகும்போது கிழிவது குறைவு. வாகன நிறுத்தத்தில் சக்கரத்தடுப்புக் கல்லைத் தாண்டி மெல்ல உள்ளே போகும். பிளாஸ்டிக் வளைந்து கொடுக்கும், நமக்குத் தெரியாது. திரும்பப் பின்னோக்கி எடுக்கும்போது அதே கல்லில் கொக்கி போல் மாட்டி, பம்பர் முழுவதும் கழன்று கையோடு வரும். கல் இருக்கும் இடத்தில் பின்புறமாக நிறுத்துங்கள்.

ரப்பர் பூச்சு, தார்ப் பூச்சு பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் யாராவது உங்களுக்கு விற்க வருவார். அது சிறு கற்களின் தெறிப்புக்கும் துருவுக்கும்தான், இடிக்கு அல்ல. அடித்தால் வடிகால் துளைகளையும் பிரேக், புகைக்குழாய், ரப்பர் புஷ்களையும் மறைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். துருவின் மேலேயே அடித்த பூச்சு துருவை மூடி வைத்து வளர்க்கும்.

கடைசியாக, பலமாக ஒருமுறை இடித்துவிட்டால் என்ன செய்வது? எண்ணெய் அழுத்த விளக்கு எரிந்தால் அந்த நொடியே எஞ்சினை நிறுத்துங்கள்; 'அடுத்த வளைவு வரை' என்பது கூட வேண்டாம். விளக்கு எரியாவிட்டாலும் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி, கீழே சொட்டுகிறதா, பெட்ரோல் வாடை வருகிறதா, பிரேக் மிதி வழக்கம்போல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரிக் காராக இருந்து அடியில் பலத்த அடி விழுந்திருந்தால், சார்ஜ் போடாமல், கட்டடத்தை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்திவிட்டு நிறுவனத்தின் ஆட்களை அழையுங்கள்.

வார்ப்பு அலுமினியச் சம்ப் விரிசல் விட்டு ஒழுகிவிடும், உடனே தெரியும். அழுத்தி வடித்த இரும்புச் சம்ப்தான் வஞ்சகமானது. என் பழைய காரில் ஒருமுறை தட்டுப் போல் ஒரு குழி விழுந்தது. ஒழுகவில்லை, சொட்டுக்கூட இல்லை; விட்டுவிட்டேன். மூன்று வாரம் கழித்து, வளைவுகளில் மட்டும் எண்ணெய் விளக்கு கண் சிமிட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது விஷயம் தெரிந்தது. எண்ணெயை உறிஞ்சும் குழாயின் வலைமுகம் சம்பின் அடியிலிருந்து சில மி.மீ. உயரத்தில்தான் இருக்கும். அந்த இடைவெளியைக் குழி தின்றுவிட்டிருந்தது. குழியின் உட்புறத்தில் வலையின் சதுரங்கள் அச்சடித்தது போல் பதிந்திருந்தன. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் எஞ்சினே போயிருக்கும். அந்தச் சம்ப் இப்போது போல்ட்டு நட்டுப் போட்டு வைக்கும் கிண்ணமாகப் பயன்படுகிறது. குழி காரணமாகக் கொஞ்சம் ஆடும்.